மனைவியின் ‘சரி’யும் சிறைக்கூடத்து ஒரு மணி நேரமும்: ஒரு நிலையான திருத்தொண்டர் விண்ணப்பத்தின் நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் விண்ணப்பதாரர் ஒரு தனி ஆள் அல்லர். அமெரிக்கக் கத்தோலிக்க மறைமாவட்டங்களின் திருத்தொண்டர் பயிற்சி அலுவலகங்களுக்கு வழக்கமாக வந்துசேரும் கோப்புகளின் கூறுகளை ஒருவர் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். சட்ட எண்களும் ஆண்டுகளும் நிஜம். ஆளும் அவர் குடும்பமும் தொகுப்பு.

தமிழ்நாட்டுப் பங்குகளில் (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகங்களில்) ‘டீக்கன்’ என்றால் குருமடப் படிப்பை முடித்து, குருப்பட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பு திருத்தொண்டர் பட்டம் பெற்ற இளைஞர் என்றுதான் பொருள். நிலையான திருத்தொண்டர் அப்படிக் குருவாக ஆகப்போகிறவர் அல்லர். கடைசிவரை திருத்தொண்டராகவே இருப்பார். பெரும்பாலும் மணமானவர், வேலைக்குப் போகிறவர். மேற்கத்திய திருச்சபையில் இடைக்காலத்திலேயே தேய்ந்து, குருத்துவத்துக்கான ஒரு படியாக மட்டும் சுருங்கிப்போன இந்த நிலையை, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரில், திருச்சபை பற்றிய ஏட்டின் 29ஆம் எண்ணில் மீண்டும் திறந்துவிட்டது. அதற்கான பேச்சு டாக்காவ் வதைமுகாமில் அடைபட்டிருந்த ஜெர்மன் குருக்களிடையே இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே தொடங்கியிருந்தது. 1967 ஜூன் 18இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிமுறைகளை வெளியிட்டார். 1968இல் கொலோன் நகரில் மணமான ஆண்கள் பட்டம் பெற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க ஆயர்களுக்கு அனுமதி கிடைத்தது. இன்று உலகெங்கும் நிலையான திருத்தொண்டர்களின் எண்ணிக்கை 50,000ஐத் தாண்டிவிட்டது. அதில் மிகப் பெரிய பங்கு அமெரிக்காவில்தான்.

இந்தியாவில் இது அரிது. மும்பை உயர்மறைமாவட்டம் 2006இலிருந்து மணமானவர்களுக்குப் பட்டம் கொடுத்துவருகிறது. தமிழ்நாட்டில் உபதேசியார் என்ற பழைய மரபு இருந்ததால் இதன் தேவை அவ்வளவாக உறைக்கவில்லை என்று நினைக்கத் தோன்றும். சங்கம் சொன்னது இதற்கு நேர் எதிர். மறைபரப்புப் பணி பற்றிய ஏட்டின் 16ஆம் எண், உபதேசியாராகப் போதிக்கிறவர்கள், குரு இல்லாத ஊரில் மக்களைக் கூட்டி நடத்துகிறவர்கள், ஏழைகளுக்குப் பணிசெய்கிறவர்கள் ஆகியோர் ஏற்கெனவே திருத்தொண்டர் வேலையைத்தான் செய்கிறார்கள், ஆகவே அவர்கள் மேல் கைகளை வைத்து உறுதிப்படுத்துவது நல்லது என்கிறது. நம் ஊர் ஆயர்கள் ஏன் அந்த வழியில் போகவில்லை என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கோப்பில் இருந்தது

வயது 46. கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) நீர் வழங்கல் துறையில் மின் பராமரிப்பு மேற்பார்வையாளர். திருமணமாகி 19 ஆண்டுகள். மகனுக்கு 16, மகளுக்கு 11. மனைவி மருத்துவமனையில் இரவு ஷிப்ட் செவிலியர். லூத்தரன் சபையில் திருமுழுக்குப் பெற்று, கல்யாணத்துக்குப் பிறகு கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். விண்ணப்பதாரர் பங்கில் 12 ஆண்டுகளாக வாசகம் வாசிக்கிறார், நற்கருணை வழங்குகிறார், நிதிக்குழுவில் இருக்கிறார்.

வயதில் சிக்கல் இல்லை. திருச்சபைச் சட்டம் 1031இன்படி மணமானவருக்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும். மணமாகாதவருக்குப் பொதுச்சட்டம் 25 என்கிறது. அமெரிக்க ஆயர் பேரவை எல்லாருக்குமே 35 என்று வைத்திருக்கிறது. மணமாகாதவர் பட்டத்தோடு மணத்துறவையும் ஏற்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலர் இதைப் பாதி வழியில்தான் புரிந்துகொள்கிறார்கள்.

பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் அன்பாக இருந்தது. “நம்பிக்கையான மனிதர். ஞாயிறு மூன்று பூசைக்கும் இவரை வைத்துச் சமாளித்துவிடலாம்.” கடிதத்தைப் படித்த பயிற்சி இயக்குநர் அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் அடிக்கோடிட்டார். குருக்கள் குறைந்த இடத்தில் ஓட்டையை அடைக்க ஆள் தேடுவது பங்கின் தேவை. அது ஒருவருடைய அழைத்தலுக்குச் சான்று ஆகாது.

முதல் சந்திப்பில் “ஏன்?” என்று கேட்டதற்கு விண்ணப்பதாரர் சொன்ன பதில்: “பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது மனசு நிறைகிறது.” நல்ல பதில்தான். ஆனால் பீடத்துணைவருக்கும் அது பொருந்தும், கோயில் பிள்ளைக்கும் பொருந்தும். திருத்தொண்டரின் பணி இறைவார்த்தை, திருவழிபாடு, பிறரன்பு என்று மூன்று முனை கொண்டது. சட்டம் 1009இல் 2009இல் சேர்த்த மூன்றாம் பத்தியும் இதையே சொல்கிறது. இவர் மூன்றில் ஒன்றைச் சொன்னார். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தது பந்தியில் கைம்பெண்களுக்குச் சோறு சரியாகப் போகவில்லை என்ற புகாரால்தான். அந்தப் புகார் இவர் பேச்சில் எங்கேயும் வரவில்லை.

என்ன செய்யலாம், என்ன முடியாது என்பதையும் அன்றே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திருமுழுக்குக் கொடுக்கலாம், நற்செய்தி வாசித்து மறையுரை ஆற்றலாம், திருமணத்தைத் திருச்சபையின் பெயரால் நடத்திவைக்கலாம், அடக்கச் சடங்கை நடத்தலாம், நற்கருணை ஆசீர் கொடுக்கலாம். திருப்பலி ஒப்புக்கொடுக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது, நோயில்பூசுதல் கொடுக்க முடியாது. கடைசியில் சொன்னதுதான் மருத்துவமனைப் பணியில் அதிகம் வலிக்கும். சாகக் கிடக்கிறவரின் குடும்பம் “ஃபாதர்” என்று கையைப் பிடிக்கும்போது, குருவைக் கூப்பிட்டுவிட்டு ஓரமாக நிற்கப் பழக வேண்டும்.

அலுவலகம் கொடுத்த முதல் வீட்டுப்பாடம் எளிமையானது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் காட்டாமல், கடந்த நான்கு வாரத்தில் கோயில் வேலைக்குப் போன நேரத்தைத் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். அவர் வாரத்துக்கு 9 மணி நேரம் என்று எழுதினார். மனைவியின் தாளில் 15. கார் ஓட்டிய நேரம், இரவுச் சாப்பாட்டின்போது வந்த போன், நிதிக்குழுக் கணக்கை வீட்டு மேசையில் பரப்பிவைத்த ஞாயிறு மாலை எல்லாவற்றையும் மனைவி கணக்கில் சேர்த்திருந்தார். யார் கணக்கு சரி என்பது முக்கியமில்லை. இடையில் இருந்த 6 மணி நேரத்தைப் பற்றி இருவரும் அதுவரை பேசியதே இல்லை என்பதுதான் கிடைத்த தகவல்.

காகிதங்கள்: நான்கு மாதம் போன இடம்

திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டால் பலரும் அம்மா பெட்டியில் பத்திரப்படுத்திய பழைய காகிதத்தைக் கொண்டுவருவார்கள். அது உதவாது. திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் புதிதாக எடுத்த சான்றிதழ்தான் வழக்கமாகக் கேட்கப்படும். காரணம், அதன் குறிப்புப் பகுதி. உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம் எல்லாம் திருமுழுக்குப் பதிவேட்டிலேயே ஏற வேண்டும் என்பது சட்டம் 535. ஒருவருடைய திருச்சபை வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் இருக்கும்.

இவருடைய சான்றிதழில் உறுதிபூசுதல் இருந்தது. திருமணம் இல்லை. கல்யாணம் லூத்தரன் கோயிலில் நடந்திருந்தது. கத்தோலிக்கர் ஒருவர் வேறு சபைக் கோயிலில் அந்தச் சபைப் போதகர் முன் மணமுடிக்க வேண்டுமானால், கலப்பு மணத்துக்கான அனுமதியோடு சட்டப்படியான மணமுறையிலிருந்து ஆயரின் விதிவிலக்கும் வேண்டும். விதிவிலக்கு இல்லையென்றால் அந்தத் திருமணம் திருச்சபையின் முன் செல்லாது. செல்லாத திருமணத்தில் இருக்கிறவரைப் பயிற்சிக்கு எடுக்க முடியாது. முதலில் அதைச் செல்லுபடியாக்க வேண்டும்.

“வாங்கினோம், ஃபாதர் ஏதோ கையெழுத்துப் போட்டார்” என்பதற்கு மேல் தம்பதிக்கு நினைவில்லை. கல்யாணத்துக்கு முன்பு இவர் இருந்த பங்கு பிறகு வேறொரு பங்கோடு இணைக்கப்பட்டிருந்தது. பதிவேடுகள் இடம் மாறியிருந்தன. கடைசியில் ஆயரகக் காப்பகத்தில் விதிவிலக்குக் கடிதத்தின் நகல் கிடைத்தது. விதிவிலக்கு கொடுத்த ஆயரகம் தன் ஏட்டிலும் கத்தோலிக்கரின் பங்கு ஏட்டிலும் திருமணத்தைப் பதியச்செய்ய வேண்டும் என்கிறது சட்டம் 1121. ஆயரக ஏட்டில் ஏறியிருந்தது. திருமுழுக்குப் பங்குக்குத் தகவல் போகவே இல்லை. தகவல் அனுப்பி, பதிந்து, புதுச் சான்றிதழ் வர நான்கு மாதம் ஆனது.

தமிழ்நாட்டில் திருமுழுக்குப் பெற்று வெளிநாட்டில் கல்யாணம் செய்தவர்களுக்கு இதே குறிப்புப் பகுதி காலியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். திருத்தொண்டராகும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊருக்குப் போகும்போது பங்கு அலுவலகத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இதோடு சட்டம் 1041, 1042 சொல்லும் தடைகளையும் முதல் சுற்றிலேயே கேட்டுவிடுவார்கள்: கொலை, கருக்கலைப்பு செய்தது அல்லது அதற்கு நேரடியாக ஒத்துழைத்தது, தற்கொலை முயற்சி, கடுமையான மனநோய், விசுவாச மறுதலிப்பு முதலியவை. சிலவற்றுக்கு ஆயரிடமே விலக்கு கிடைக்கும், சிலவற்றுக்கு உரோமைக்குப் போக வேண்டும். இருபது வயதில் நடந்ததை வெட்கப்பட்டு மறைத்துவிட்டு நான்காம் ஆண்டில் சொல்கிறவர் தனக்கும் குடும்பத்துக்கும் பெரிய வேதனையை வரவழைத்துக்கொள்கிறார். முதலில் சொன்னால் பெரும்பாலும் ஒரு கடிதப் போக்குவரத்தோடு முடியும்.

குற்றப் பின்னணிச் சோதனையும், 2002க்குப் பிறகு அமெரிக்க ஆயர்கள் கட்டாயமாக்கிய சிறார் பாதுகாப்புப் பயிற்சியும் எல்லாருக்கும் உண்டு. உளவியல் மதிப்பீட்டுக்கு எம்.எம்.பி.ஐ. என்ற ஆளுமைச் சோதனை போன்ற வினாத்தாள்களைக் கொடுத்து, பிறகு நேர்காணல் நடத்துவார்கள். அந்த வினாத்தாளின் ஒரு பதிப்பில் 567 கேள்விகள், எல்லாம் சரி அல்லது தவறு. நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள முயன்றால் அதுவே அறிக்கையில் தெரிந்துவிடும். இவர் அறிக்கை பொதுவாக நன்றாக வந்தது. “மற்றவர் வருத்தத்தை உடனே சரிசெய்யத் துடிக்கிறார்” என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனைவியின் சம்மதம்

விண்ணப்பத்தில் மனைவியின் சம்மதக் கடிதம் இருந்தது. மூன்று வரி. “என் கணவரின் விருப்பத்துக்கு எனக்கு எந்தத் தடையும் இல்லை.” தடையில்லை என்பது சம்மதம் ஆகாது. தனியே பேசியபோதுதான் விஷயம் வந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வாசலில், கணவர் பக்கத்தில் நிற்க, பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே “உங்களுக்குச் சரிதானே அம்மா?” என்று கேட்டிருக்கிறார். அந்த இடத்தில் யார்தான் சரியில்லை என்று சொல்வார்?

மனைவியைத் தனியாக, கணவர் இல்லாத அறையில், முடிந்தால் இன்னொரு திருத்தொண்டரின் மனைவியும் உடன் இருக்க நேர்காண்பது இதனால்தான். இந்தப் பேச்சில் அவருக்கு அதுவரை யாரும் சொல்லாத ஒன்று தெரியவந்தது. பட்டம் பெற்ற பிறகு மனைவி இறந்தால் திருத்தொண்டர் மறுமணம் செய்ய முடியாது. திருநிலை பெற்றவர், அதாவது திருத்தொண்டரோ குருவோ ஆயரோ, செய்யும் திருமணம் செல்லாது என்கிறது சட்டம் 1087. கணவருக்கு இது தெரியும். தகவல் கூட்டத்தில் கேட்டு, தலையாட்டி, மறந்திருந்தார். மனைவிக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. “நான் தினமும் ராத்திரி சாவைப் பார்க்கிறேன். நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால், என் பொண்ணு வயசுக்கு வரும் நேரத்தில் வீட்டில் ஒரு பொம்பளை இருக்கக்கூடாது என்று நான் இப்பவே கையெழுத்துப் போடணுமா?”

இதற்கு மழுப்பலான பதில் கொடுக்கக் கூடாது. விலக்கு கொடுக்கும் அதிகாரம் திருப்பீடத்திடம், அதாவது உரோமையில் திருத்தந்தையின் ஆட்சியகத்திடம் இருக்கிறது. சிறு பிள்ளைகளின் நிலையும் அங்கே பார்க்கப்படும். ஆனால் கிடைக்கும் என்று எண்ணி யாரும் பட்டம் பெறக் கூடாது, பெறவைக்கவும் கூடாது. அலுவலகம் அவ்வளவுதான் சொன்னது. மனைவி ஓராண்டு கேட்டார். அலுவலகம் கொடுத்தது. கணவருக்குக் கோபம், அந்தக் கோபத்தையும் கோப்பில் குறித்தார்கள்.

அந்த ஓராண்டில் நடந்தவை பெரும்பாலும் சாதாரண ஏற்பாடுகள்தான். மனைவி இரவு ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாறினார். இருவரும் உயில் எழுதினார்கள். மகளுக்குப் பாதுகாவலராக மனைவியின் தங்கை சம்மதித்தார். கணவர் நிதிக்குழுத் தலைமையை விட்டுக்கொடுத்தார்; உறுப்பினராக மட்டும் நீடித்தார். இரண்டாவது கடிதம் ஒன்றரைப் பக்கம், கைப்பட எழுதியது. எதற்குச் சம்மதிக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எது நடந்தால் நிறுத்தச் சொல்வார் என்று மூன்றும் அதில் இருந்தன. சம்மதக் கடிதம் எழுதுகிற எந்த மனைவியும் இந்த மூன்றாவதை விட்டுவிடக் கூடாது என்பது எங்கள் கருத்து. பட்டத்துக்கு முன்பு எந்தக் கட்டத்திலும் அவர் பின்வாங்கலாம்; பின்வாங்கினால் பயிற்சி நின்றுவிடும்.

ஆயத்த ஆண்டு: சிறையில் நடந்தது

அமெரிக்கப் பயிற்சிக்கு அடிப்படை ஆயர் பேரவையின் தேசிய வழிகாட்டி ஏடு. அதன் இரண்டாம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஒரு ஆயத்த ஆண்டு; அதில் இருப்பவரை ‘ஆஸ்பிரன்ட்’ என்பார்கள். பிறகு குறைந்தது மூன்று ஆண்டுப் பயிற்சி. பட்டத்துக்குப் பிறகும் புதியவர்களுக்கான தொடர்பயிற்சி உண்டு. மனிதம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என்ற நான்கு முனையிலும் மதிப்பீடு நடக்கும்.

ஆயத்த ஆண்டில் மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு. ஆன்ம வழிகாட்டி ஒருவரை மாதம் ஒருமுறை சந்திக்க வேண்டும். அவரிடம் பேசுவது அவரோடு நிற்கும். சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவில் அவரிடம் கருத்துக் கேட்பதில்லை. காலை, மாலைத் திருப்புகழ்மாலையை (திருப்பாடல்கள் அடங்கிய திருச்சபையின் அன்றாடச் செபத்தை) பழக வேண்டும், ஏனென்றால் அமெரிக்காவில் பட்டம் பெற்ற பிறகு அவை இரண்டும் கடமை. இவர் காலைச் செபத்தை வேலைக்குப் போகும் வழியில் காரில் கைபேசி ஒலிப்பதிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வழிகாட்டி அதை ஏற்கவில்லை. பத்து நிமிடம் முன்னதாக எழுந்து மேசையில் உட்காரச் சொன்னார்.

பீடத்துக்குப் பக்கத்தில் இவர் ஏற்கெனவே வசதியாக இருந்தார் என்பதால், களப்பணிக்குக் கவுண்டி சிறைக்கு அனுப்பினார்கள். வாரம் ஒரு மணி நேரம், உடன் ஓர் அனுபவமுள்ள சிறைப்பணியாளர். மூன்றாம் வாரத்து அறிக்கையில் மேற்பார்வையாளர் எழுதியது: “60 நிமிடத்தில் 40 நிமிடம் இவரே பேசினார்.”

இதைத் திருத்த ‘உரையாடல் பதிவு’ என்ற முறை பயன்படும். சந்திப்பு முடிந்த அன்றே, நினைவிலிருந்து, இருவரும் பேசியதை நாடக வசனம்போல வரிவரியாக எழுத வேண்டும். ஓரத்தில் தன் மனசில் ஓடியதையும் எழுத வேண்டும். இவருடைய ஒரு பதிவிலிருந்து:

கைதி: என் பொண்ணு போனை எடுக்கவே மாட்டேங்குது.
இவர்: கடவுள் உங்களை ஒருநாளும் கைவிட மாட்டார்.
கைதி: சரி.
இவர்: மத்தேயு நற்செய்தியில் ஒரு இடம் இருக்கிறது, வாசிக்கட்டுமா?
கைதி: வாசிங்க.

மேற்பார்வையாளர் முதல் வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் எழுதியிருந்தார்: “பொண்ணு பெயர் என்ன? வயசு?” ஓரக் குறிப்பில் விண்ணப்பதாரரே நேர்மையாக எழுதியிருந்தது: “அமைதி வந்துவிடுமோ என்று பயந்தேன்.” உளவியல் அறிக்கையில் இருந்த அந்த ஒரு வரி இங்கே வந்து நின்றது. வருத்தத்தைக் கண்டதும் சரிசெய்யத் துடித்தார், அதற்கு இறைவார்த்தையைக் கருவியாக எடுத்துக்கொண்டார். அந்த ‘சரி’யும் அந்த ‘வாசிங்க’வும் மரியாதைக்குச் சொன்னவை. வாசலில் மனைவி சொன்ன ‘சரி’யும் அதே ரகம்தான் என்று சுட்டிக்காட்டியது மேற்பார்வையாளர். அதற்குப் பிறகுதான் இவர் ஓராண்டுத் தாமதத்தைப் பற்றிக் கோபப்படுவதை நிறுத்தினார்.

பத்தாம் மாதப் பதிவில் அவர் பேசிய வரிகள் நான்கு. மூன்று கேள்வி. ஆண்டு முடிவில் குழு அவரைப் பயிற்சிக்குப் பரிந்துரைத்தது. தன் கையால் எழுதி ஒப்பமிட்ட விண்ணப்பத்தை ஆயருக்குக் கொடுத்தார். ஆயர் எழுத்தில் ஏற்றார். சட்டம் 1034 கேட்பது இது. தட்டச்சுசெய்து கையெழுத்து மட்டும் போட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது அலுவலகங்களில் வழக்கம்.

பயிற்சி ஆண்டுகள்

1998இல் திருப்பீடம் வெளியிட்ட அடிப்படை நெறிகள் மூன்று ஆண்டில் 1,000 மணி நேரத்துக்குக் குறையாத வகுப்பும் கருத்தரங்கும் கேட்கின்றன. ஆண்டுக்குப் பத்து மாதம் என்றால் மாதம் 33 மணி நேரம்; நான்கு ஆண்டாகப் பரப்பினால் 25. வாசிப்பும் கட்டுரையும் இதற்கு வெளியே. விவிலியம், திருச்சபைக் கோட்பாடு, அறநெறி, திருவழிபாடு, திருச்சபை வரலாறு, சட்டம், சமூகப் போதனை, மறையுரைக் கலை எல்லாம் உண்டு. இவர் மறைமாவட்டம் நான்கு ஆண்டு வைத்திருந்தது. கல்லூரியை விட்டு 25 ஆண்டு ஆனவருக்கு ஐந்து பக்கக் கட்டுரை மலையாக நிற்கும். முதல் ஆண்டில் இவர் இரண்டு கட்டுரைகளைத் திரும்ப எழுதினார். படிப்பைவிட வேலையும் குடும்பமும்தான் ஆளைச் சாய்க்கும். இரண்டாம் ஆண்டில் இவர் அம்மாவுக்குப் பக்கவாதம். ஒரு பருவம் முழுவதும் விடுப்பு எடுத்து, மறுகோடையில் ஈடுசெய்தார். விடுப்பைக் கேட்கத் தெரிந்தது அவருக்கு நல்ல மதிப்பெண்ணாகவே ஏறியது.

மறையுரைக்கு எட்டு நிமிடம். ஆங்கிலத்தில் எழுதினால் ஏறத்தாழ 1,000 சொல். வீடியோ எடுத்து அவரே பார்க்க வேண்டும். தொடக்கத்தில் எல்லாரும் செய்யும் தவறு, இப்போதுதான் வாசித்த நற்செய்தியை முதல் மூன்று நிமிடத்தில் திரும்பச் சொல்வது. சபை அதைக் காதால் கேட்டு இன்னும் ஒரு நிமிடம் ஆகவில்லை.

பீடப் பயிற்சியில் உடம்புதான் முதலில் கற்க வேண்டும். ஸ்டோல் என்ற நீண்ட துணிப்பட்டை இடது தோளிலிருந்து வலப்பக்கம் சாயும். கிண்ணத்தில் இரசம் ஊற்றி ஒரு துளி தண்ணீர் சேர்க்க வேண்டும். நற்கருணை மன்றாட்டில் தூய ஆவியை அழைத்து மன்றாடும் இடத்திலிருந்து குரு கிண்ணத்தை உயர்த்திக் காட்டும்வரை வழக்கமாக முழந்தாளிட வேண்டும். மன்றாட்டின் இறுதிப் புகழுரையில் கிண்ணத்தைத் திருத்தொண்டர் உயர்த்திப் பிடிக்கிறார், ஆனால் வார்த்தை குருவுடையது மட்டும். திருத்தொண்டர் வாய் அசையக் கூடாது. பன்னிரண்டு ஆண்டு பூசை வாசகம் மனப்பாடமான இவருக்கு அந்த வாயை மூடுவதுதான் கடைசிவரை சிரமமாக இருந்தது.

வாசகர் பணியும் பீடத்துணைவர் பணியும் தனித்தனிச் சடங்கில் கொடுக்கப்படும். பீடத்துணைவர் பணிக்கும் திருத்தொண்டர் பட்டத்துக்கும் இடையே குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். பட்டத்துக்கு முன் குறைந்தது ஐந்து நாள் தியானம், விசுவாச அறிக்கையும் பிரமாணிக்க உறுதிமொழியும், சுயவிருப்பத்தோடு வாழ்நாள் முழுவதும் பணிசெய்ய வருகிறேன் என்று கைப்பட எழுதிய அறிக்கை, மனைவியின் சம்மதம் இன்னொரு முறை எழுத்தில். இம்முறை மனைவி எழுதியது அரைப் பக்கம். பயம் என்ற பகுதி சிறியதாகியிருந்தது, காணாமல் போகவில்லை.

சடங்கில் ஆயர் மட்டுமே கை வைக்கிறார்; குருப்பட்டத்தில்போல மற்றக் குருக்கள் வைப்பதில்லை. ஸ்டோலும் திருத்தொண்டரின் மேலங்கியான தல்மாத்திக்காவும் அணிவித்தபின் நற்செய்தி நூலைக் கையில் கொடுத்து, வாசிப்பதை நம்பவும் நம்புவதைப் போதிக்கவும் போதிப்பதை வாழவும் சொல்வார் ஆயர். ஆயருக்கும் அவருக்குப் பின் வருகிறவர்களுக்கும் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த வாக்கின் பொருள் பணிநியமனக் கடிதம் வரும்போது தெரியும்.

நியமனம்

சொந்தப் பங்குக்கு அனுப்பவில்லை. 25 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு பங்கு, கூடவே சிறைப்பணி. பழைய பங்கில் இவரை நிதிக்குழு ஆளாகவே பார்ப்பார்கள் என்று குழு கருதியது. பழைய பங்குத்தந்தைக்கு மனவருத்தம்தான்.

கடிதத்தில் மணிக்கணக்கு இருந்தது: வாரம் 12 மணி நேரம். சிறை 3, திருமணத் தயாரிப்பும் திருமுழுக்கு வகுப்பும் 3, ஞாயிறு வழிபாடு 4, தயாரிப்பு 2. மாதம் ஒரு ஞாயிறு மறையுரை. பயணச் செலவும் ஆண்டுத் தியானச் செலவும் பங்கு ஏற்கும். சம்பளம் இல்லை, உலக வேலையில் வருமானம் உள்ள மணமான திருத்தொண்டர் அதிலிருந்தே குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம் 281. மணிக்கணக்கு எழுதப்படாத நியமனக் கடிதத்தை ஏற்காதீர்கள் என்று புதியவர்களுக்குச் சொல்வோம். பங்குத்தந்தை மாறும்போது, எழுதாததெல்லாம் புதியவரின் எதிர்பார்ப்பாக மாறிவிடும்.

முதல் ஆண்டில் வந்த ஆபத்து வேறு மாதிரி. அக்கா மகன் கல்யாணம், பக்கத்து மறைமாவட்டத்தில். மாமாவே நடத்திவைக்க வேண்டும் என்று குடும்பத்துக்கு ஆசை. இவருக்கு இருந்த திருமண அதிகாரம் தன் பங்கு எல்லைக்குள்தான். வெளியே நடத்த அந்த இடத்துப் பங்குத்தந்தையோ ஆயரோ பெயர் குறிப்பிட்டு அதிகாரம் அளிக்க வேண்டும். இல்லையென்றால் கல்யாணமே செல்லாது. போனில் “வாங்க, நடத்துங்க” என்று அந்தப் பங்குத்தந்தை சொல்லியிருந்தார். அலுவலகம் எழுத்தில் வாங்கச் சொன்னது, திருமணக் கோப்பில் சேர்க்கச் சொன்னது. அரசுச் சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒஹாயோவில் திருமணம் நடத்துகிறவர் மாநிலச் செயலர் அலுவலகத்தில் உரிமம் பெற்றிருக்க வேண்டும். கோயில் காகிதம் சரியாக இருந்து அரசுக் காகிதம் விட்டுப்போனால் தம்பதிதான் அலைவார்கள்.

ஓராண்டு முடிந்ததும் மறுபரிசீலனை. வாரம் 12 மணி என்று எழுதியது நடைமுறையில் 19 ஆகியிருந்தது. கணவனும் மனைவியும் இந்த முறை கேட்காமலே தனித்தனித் தாளில் எழுதி வந்தார்கள். ஒருவர் 18, மற்றவர் 19. புதிய பங்குத்தந்தை முதலில் வெட்டச் சொன்னது சிறையை, ஏனென்றால் அது பங்குக்கு வெளியே. இவர் மறுத்தார். அங்கேயும் இவரைத் தேடிவந்து உட்கார்ந்திருந்த கட்டட நிதிக்குழுவையும் இரண்டாவது ஞாயிறுப் பூசையையும் விட்டுவிடுவதாகச் சொன்னார். பேசி, வாரம் 13 மணி நேரத்துக்குப் புதுக் கடிதம் எழுதினார்கள்: சிறை 4, செவ்வாய் மாலை முழுவதும் வீட்டுக்கு. மூவரும் கையொப்பமிட்டு நகலை ஆயரகத்துக்கு அனுப்பினார்கள்.